நீள வண்டியும் தோட்டத்துப் பாதையும்

தாண்டிக்குடிக்குக் கீழே எங்கள் காப்பித் தோட்டம். பஸ் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஜீப் பாதை. அப்பா காலம் முழுக்க ஒரு பழைய மஹிந்திரா ஜீப்தான் ஓடியது. 2018-ல் நான் இசுஸு வி-கிராஸ் பிக்கப் (முன்னால் கேபின், பின்னால் லோடு ஏற்றத் திறந்த தொட்டி) வாங்கி வந்தபோது, "இவ்வளவு நீள வண்டி இந்தப் பாதையில ஏறுமா தம்பி?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

ஏறும். ஏற்றம்தான் அதற்குப் பிடித்த இடமே. செங்குத்தாக வரும்போது ஜீப் மூக்கைத் தூக்கும், ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். இது தரையை ஒட்டியே போகிறது. குழிகளிலும் அந்தத் தூக்கிப்போடும் ஆட்டம் கிடையாது. அம்மா இப்போது பயமில்லாமல் கூட வருகிறார்.

சிக்கல் மேட்டின் உச்சியில். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3,095 மில்லிமீட்டர். மஹிந்திராவின் தார் ஜீப்பில் 2,450தான். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, வயிறு மேட்டில் உட்கார்ந்துவிடும். முதல் மழைக்காலத்திலேயே ஓடைக்கு முன்னால் உள்ள பாறையில் அப்படி மாட்டினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்து, வெளியே எடுக்க அரை நாள் ஆனது. இப்போது அங்கே நேராக ஏற்றுவதில்லை. சற்றுக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குகிறேன். பாறையின் இரு பக்கமும் கல் அடுக்கிச் சரிவாக்கியும் விட்டோம்.

அடுத்தது கொண்டை ஊசி வளைவுகள். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு அகலமாக எடுத்தாலும் இரண்டு வளைவுகளில் ரிவர்ஸ் போட்டே ஆக வேண்டும். அப்போது வண்டியின் வால் பள்ளத்துக்கு மேலே நிற்கும். ஆள் இறங்கி நின்று கை காட்டாமல் ஓர் அடிகூடப் பின்னால் எடுக்க மாட்டேன். இதில் கண்ணாடியை நம்பவே கூடாது.

அப்புறம், வெறும் வண்டியாக ஏற்றாதீர்கள். பின் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் பட்டை ஸ்பிரிங் லோடுக்காகச் செய்தது. தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் துள்ளும், ஈர மண்ணில் சக்கரம் சும்மா சுற்றும். நான் ஐம்பது கிலோ உர மூட்டை நான்கு போட்டுக்கொள்வேன். தொட்டியின் முன்பக்கம், கேபினை ஒட்டி. ஏற்றத்தின் அடியிலேயே நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போட்டுவிட வேண்டும். பாதி ஏறிய பிறகு அதைத் தேடினால் வண்டி பின்னால் நழுவும்.

இரண்டாவது வளைவில் போன மழைக்குக் கல்கட்டு சரிந்துவிட்டது. திரும்பக் கட்டும்போது உள்பக்க மண்ணை இரண்டடி வெட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகாவது ரிவர்ஸ் இல்லாமல் திரும்புகிறதா, பார்க்க வேண்டும்.