துதிக்கை வைத்த அன்னதானம்

குன்னூரில் எங்கள் தெரு ஐயப்ப பூஜை போர்டைப் பார்த்தவர்கள் எல்லாம் போன் போட்டு, "யாருப்பா எழுதினது?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் வீட்டில் ஒருவர் எனக்குச் சோறு போடமாட்டார், இன்னொருவர் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுவார். ஆகவே முழுக்கதையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் வைத்த ஃப்ளெக்ஸ் கார்த்திகைக் காற்றில் கிழிந்து, சுவாமியின் படம் உள்ள பாதி மட்டும் எதிர்வீட்டு டீச்சரின் துணிக்கயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. டீச்சர் அதை எடுக்கவும் பயந்து, விடவும் பயந்து, பூஜை முடியும் வரை அந்தக் கயிற்றில் துணியே காயப்போடவில்லை. அது குருசாமி மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "மலை ஏறுற வழியில பர்லியாறு செக்போஸ்ட்ல டூரிஸ்ட்கிட்ட பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலையே பிடுங்கறாங்க, நாம ஏன் சாமி பிளாஸ்டிக் போர்டு வைக்கணும்? பலகையிலயே எழுதிடலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகள் பவி கையைத் தூக்கினாள்.

பவிக்கு பிரஷ் பேனாப் பைத்தியம். டோம்போ, பென்டல் என்று எல்லாம் ஜப்பான் சரக்கு. முனையில் மை ஊறிய மெத்தென்ற ஒரு நாக்கு இருக்கும். கீழே இழுக்கும்போது அழுத்த வேண்டும், மேலே போகும்போது தூக்க வேண்டும், கோடு தடித்தும் மெலிந்தும் வரும், வித்தை அவ்வளவுதான். ஆனால் சொரசொரப்பான சார்ட் பேப்பரில் எழுதினால் நாக்கு பிய்ந்துவிடும். வழவழப்பான தாள்தான் வேண்டும். அந்தத் தாளும் நம் ஊர் ஈரத்தில் நமத்துப்போய், மை நாலாபக்கமும் கசியும். அதனால் தாள்கட்டு அரிசி டப்பாவுக்குள் குடியேறிவிட்டது. "அரிசி எடுக்கணும்னா முதல்ல ஸ்டேஷனரி கடையைக் காலி பண்ண வேண்டியிருக்கு" என்று என் மனைவி தினமும் அலுத்துக்கொள்கிறாள்.

பவி முதலில் ஒரு தாளில் மாதிரி எழுதிக் காட்டினாள். பவுன்ஸ் லெட்டரிங் என்று ஒன்று இருக்கிறதாம். எழுத்தெல்லாம் ஒரே கோட்டில் நிற்காது, ஒன்று குதிக்கும், ஒன்று இறங்கும். 'அன்னதானம்' என்ற சொல்லில் மூன்று ன இருக்கிறதா, மூன்றும் மூன்று உயரத்தில். மேலே 'ஐயப்ப பூஜை'யில் ஐயின் வாலை இழுத்து இழுத்து, வரி முடியும் வரை அடியில் ஓடவிட்டிருந்தாள். குருசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா எழுத்தெல்லாம் சாமியாடுதே" என்றார்.

அது போதாதா என் சித்தப்பாவுக்கு? எங்களைச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தவர், போர்வைக்குள் இருந்தே குரல் கொடுத்தார். "கண்ணு, அந்தத் தாளை இப்படிக் கொண்டா."

சித்தப்பா எழுதாத சுவர் மேட்டுப்பாளையத்தில் இல்லை. லாரி நம்பர் பிளேட், டீ ஃபேக்டரி போர்டு, தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிக்கும் சின்னம் (பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று) என்று ஓஹோவென்று இருந்தவர். ஸ்டிக்கர் வந்தது, ஃப்ளெக்ஸ் வந்தது, கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயின்ட் அடிக்கப் போனார். ஆனால் பிரஷ் பையை மட்டும் எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு வருவார். மாத்திரை டப்பாவை மறப்பார், அதை மறக்கமாட்டார்.

தாளைப் பார்த்தவர் ப என்ற எழுத்தில் விரலை வைத்தார். "இது ஏன் ஒரு கால் வீங்கி இன்னொரு கால் சூம்பியிருக்கு?" பவி விளக்கினாள். இடதுபக்கம் கீழே இறங்குவதால் தடிமன், வலதுபக்கம் மேலே ஏறுவதால் மெலிசு, அதுதான் ரூல். "அது இங்கிலீஷ்காரனுக்கு எழுதின ரூலு கண்ணு. நம்ம எழுத்துல பாதி படுத்துக்கிட்டு போகுது, மீதி சுத்திக்கிட்டு போகுது. எங்க ஏத்தம், எங்க இறக்கம்?" என்று சொல்லிவிட்டு, அங்குலப் பட்டை பிரஷை எடுத்துத் தண்ணீரில் நனைத்து சிமென்ட் தரையில் ஒரு ப போட்டார். பட்டை பிரஷில் அழுத்தமே கிடையாது. பிரஷைச் சாய்த்துப் பிடிக்கிற கோணம்தான் எல்லாம், அந்தக் கோணத்தை மாற்றாமல் கையை நகர்த்தினால் தடிமன் தானாக அமையும். அந்த ப இரண்டு காலிலும் திடமாக நின்றது. ஈரம் காய்வதற்குள் பவி போட்டோ எடுத்துவிட்டாள். பாராட்டவில்லை, எடுத்துக்கொண்டாள். அவ்வளவு ரோஷம்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். உன் பேனாவைக் கொடு, நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று அவள் செட்டிலிருந்து கருநீலத்தை வாங்கினார். நான்கைந்து எழுத்து போட்டார், அழகாகத்தான் வந்தது. முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. எழுதி முடித்ததும், ஆயுள் பூராவும் செய்த பழக்கத்தில், பேனாவை நேராக டர்பன்டைன் டப்பாவுக்குள் விட்டு நன்றாக அலசி, தோள் துண்டில் துடைத்து, முனையை விரலால் கூராக்கி, துளி தேங்காய் எண்ணெயும் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டார். பவி போட்ட சத்தத்தில் டீச்சர் வீட்டு நாய் குரைத்தது. "கழுவித்தானே வெச்சேன்?" என்கிறார் பாவம். பேனாவின் விலையைச் சொன்னோம். அதைப் பச்சைத் தேயிலைக் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி போர்வைக்குள் போய்விட்டார்.

பவி சும்மா விடுவாளா? அவர் பையைக் குடைந்து, "இது என்ன முடி தாத்தா?" என்று மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்தாள். கீரி முடியாம். அவருடைய குருநாதர் கொடுத்ததாம். உடனே போனைத் தட்டி, 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஃபாரஸ்ட் கார்டு குடியிருப்பது அடுத்த லைனில்! நான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒருவழியாக ராஜி ஆகி, மேல்வரி பவிக்கு, கீழே மொத்தமும் சித்தப்பாவுக்கு என்று குருசாமி பாகம் பிரித்தார். நூலில் சாக்பீஸ் தூள் தடவி, ஒரு முனையைப் பவி பிடிக்க, சித்தப்பா இழுத்துச் சுண்டினார். பலகையில் கோடு பளிச்சென்று விழுந்தது. நுனியில் துணிப்பந்து கட்டிய குச்சியை ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டு சிவப்பு எனாமலில் ஆரம்பித்தார். காபி டம்ளர் பிடிக்கும்போது நடுங்குகிற கை அது. குச்சிமேல் ஏறியதும் நடுக்கத்தைக் காணோம்.

'காலை 11 மணி முதல்' என்ற இடத்தில் மறுபடி மோதல். லைக்குத் தனிக்கொம்பு போடாமல், எழுத்தோடு ஒட்டி வளைகிற யானைத் துதிக்கையை வைத்துவிட்டார், பழைய மாதிரி. 1978லேயே எம்ஜிஆர் ஆட்சியில் அரசாணை போட்டு அதையெல்லாம் எடுத்தாயிற்று, இப்போது அப்படி எழுதக்கூடாது என்று பவி பிடித்துக்கொண்டாள். எம்ஜிஆர் பெயரை எடுத்தால் சித்தப்பா எழுந்து நிற்பவர் என்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் எடுத்தாள். அவர் பிரஷை நிமிர்த்தாமலே சொன்னார்: "தலைவர் சொல்லி நான் கேக்காத ஒரே விஷயம் அதுதான். அழகை எடுக்கச் சொல்ல அவருக்கு மனசு எப்படி வந்துச்சோ." துதிக்கை நின்றுவிட்டது. குருசாமிக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, அவர் பள்ளிக்கூட எழுத்தாம்.

காயவைப்பதுதான் பெரும்பாடு. மூடுபனியில் எனாமல் லேசில் காயாது. வெளியே வைத்தால் ராத்திரி காட்டெருமை வந்து முதுகு தேய்த்துவிட்டுப் போகும். ஆகவே ஹாலில், சோஃபாவில், நான் டிவி பார்க்கிற இடத்தில் போர்டு சாய்ந்திருந்தது. அவசரம் தாங்காமல் பவி ஹேர் டிரையரைக் காட்ட, மேலே மட்டும் ஏடு கட்டி உள்ளே ஈரம் நிற்க, 'மணி' சுருங்கிவிட்டது. அதைச் சுரண்டி மறுபடி எழுதி, மறுபடி சோஃபா. எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனவள் வெள்ளை எனாமல் வாங்கி வந்தாள். ஷேடு கொடுக்கணுமாம்.

இப்போது போர்டு முக்கில் நிற்கிறது. ஜனங்கள் பாதிப் பேர் ஐயின் வாலையும், பாதிப் பேர் லையின் துதிக்கையையும் போட்டோ எடுக்கிறார்கள். டீச்சர் வீட்டுக்குப் பெயர்ப்பலகை, வர்க்கிக் கடைக்கு விலைப்பட்டியல், யாரோ ஒருவரின் ஜீப்புக்குப் பின்னால் 'மலைராணி' என்று ஆர்டர் குவிகிறது. எல்லாம் இலவசம், பெயின்ட் என் கணக்கு. சித்தப்பா ஊருக்குப் போகிற பேச்சையே எடுப்பதில்லை.

எங்கள் கேட்டில் மட்டும் இந்த வீட்டை விற்றுவிட்டுப் போன பழைய ஓனர் பெயர்தான் இன்னும் இருக்கிறது. கூரியர்காரர் ஒவ்வொரு தடவையும் கீழே நின்று போன் போடுகிறார். கேட்டால், எந்த ஸ்டைல் என்று இன்னும் முடிவாகவில்லை என்கிறாள் பவி. சித்தப்பா, வெயில் வரட்டும் என்கிறார். கார்த்திகை மாசத்தில், குன்னூரில்.