பலகை அடிக்க முதல்

யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டி, பூச்சு முடிந்து, சில வீடுகளில் குடிபுகுந்த பிறகுகூட வயரிங்காரர் வந்து சுவருக்கு மேலால் கேசிங் அடித்துவிட்டுப் போவார். சுவிச் இருக்கிற இடம் பிடிக்காவிட்டால் கழற்றி ஓரடி தள்ளிப் போடலாம். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஹாலிபேர்ட்டன் பக்கம் நாங்கள் கட்டிய சின்ன மரக் கபினில் அந்தச் சுதந்திரம் இல்லை. மரச்சட்டங்களுக்குள் வயரை இழுத்து, மின்சார இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரியென்ற பிறகுதான் பலகை அடிக்கலாம். அதற்குப் பிறகு மனம் மாறினால் சுவரைப் பிரிக்க வேண்டியதுதான்.

வீட்டு வயர்களெல்லாம் வந்து சேருகிற இரும்புப் பெட்டியை, அதாவது பிரேக்கர் பனலை, சுவருக்குள் புதைத்துப் பூட்டுவது மனைவியின் விருப்பம். நாங்கள் இருக்கிற ஸ்காபரோ வீட்டில் அது பேஸ்மென்றில் (நிலக்கீழ் அறையில்) கிடக்கிறது, ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. கபினுக்குப் பேஸ்மென்ற் இல்லை. "சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில இரும்புப் பெட்டி துருத்திக்கொண்டு நிக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள். உடுப்பு அலுமாரிக்குள் ஒளித்துவிடலாமே என்றும் கேட்டாள். இங்கத்தைய விதிப்படி உடுப்பு அலுமாரியும் குளியலறையும் ஆகாது. பனலுக்கு முன்னால் ஒரு மீற்றர் வெளி வேண்டும். பிரேக்கர் கைபிடி 1.7 மீற்றருக்கு மேலே போகக்கூடாது.

வயர் உள்ளே வருகிற வெளிச்சுவர் வசதியாகத்தான் தெரிந்தது. ஆனால் மாரியில் பூட்டிக் கிடக்கிற கபின். வெளிச்சுவரில் பெட்டியைப் புதைத்தால் அந்த இடத்தில் குளிர்காப்புப் பஞ்சுக்கு இடமில்லை; குளிர்ந்த இரும்பில் ஈரம் படியும். அதனால் உள்சுவரைத் தேர்ந்தோம்.

சட்டங்கள் நடுவுக்கு நடு 16 அங்குலம், இடைவெளி 14½ அங்குலம். பெட்டியும் அந்த இடைவெளிக்கென்றே செய்யப்பட்டிருக்கிறது. அகலத்தில் பிரச்சினை இல்லை, ஆழத்தில்தான் விஷயம். சுவர் மரமென்றால் பெட்டியின் விளிம்பு பலகையின் முகத்தோடு சமமாகவோ கொஞ்சம் வெளியேயோ நிற்கவேண்டும், உள்ளே போகவே கூடாது. ட்றைவோல் (ஜிப்சம் அட்டை) என்றால் 6 மில்லிமீற்றர் வரை உள்ளே இருக்கலாம். ட்றைவோல் அரை அங்குலம், நாங்கள் பார்த்த பைன் பலகை முக்கால் அங்குலம். ஆகவே பெட்டியை முடுக்க முதல் என்ன சுவர் என்று முடிவாகவேண்டும். வயரிங்கை விட அந்த முடிவுக்குத்தான் கூடுதல் நேரம் போனது. பைன் வென்றது.

ஒன்ராறியோவில் சொந்த வீட்டு வயரிங்கைச் சொந்தக்காரரே செய்யலாம். மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்தில் முதலே பதிந்து கட்டணம் கட்டவேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மட்டும்தான். மின்சார சபையில் வேலை செய்து ஓய்வுபெற்ற மாமா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். கதிரையைப் போட்டு இருந்து கேள்வி மட்டும் கேட்டார்.

"தம்பி, கறுப்பு நியூட்ரல்தானே?"

"இல்லை மாமா. இஞ்ச கறுப்புத்தான் லைவ், வெள்ளைதான் நியூட்ரல்."

மாமா கதிரையைப் பின்னால் தள்ளினார். எங்கள் பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். ஒரு தலைமுறையே அப்படித்தான் பழகியது. ஊரில் 230 வோல்ட். இங்கே இரண்டு லைவ் வருகிறது: ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, இரண்டுக்கும் இடையே 240. அடுப்பும் சுடுதண்ணீர்த் தாங்கியும் 240இல் ஓடும். மெயின் பிரேக்கரை நிற்பாட்டினாலும் வெளியிலிருந்து வருகிற தடித்த வயர்களில் கரண்ட் நிற்கும். கனடாப் பனல்களில் அந்தப் பகுதிக்குத் தனித் தகட்டு மூடி வைத்திருப்பது அதனால்தான். மாமாவுக்கு இந்த மூடி நன்றாகப் பிடித்துக்கொண்டது. எனக்கும்தான்.

எர்த் வேலையில் அவருடைய அனுபவம் உதவியது. அந்தப் பக்கம் ஒரு சாணுக்குக் கீழே பாறை. 3 மீற்றர் எர்த் கம்பியை அடித்து இறக்க முடியாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் எர்த் போட்டுப் பழகியவர், மண் ஆழமான பள்ளப்பக்கத்தைக் காட்டி, கம்பிக்குப் பதிலாக எர்த் தகடு புதைக்கச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் கேட்டேன்: பலகை அடிக்க முதல், பெட்டியிலிருந்து தரைக்குக் கீழே, பிறகு வயர் இழுக்க இரண்டு வெறும் குழாய்களை இறக்கிவை. புதைத்த பெட்டிக்குப் பிறகு புது வயர் கொண்டுவர வழியே இருக்காது. அடுத்த கோடையில் கிணற்றுப் பம்புக்கு ஒரு குழாய் போய்விட்டது. மற்றதை வைத்து, சோனா என்கிற சூட்டுக் குளியல் அறை வேண்டுமென்று மனைவி கேட்கிறாள்.