கச்சான் காற்றும் கரவன் வானும்: வெருகலிலிருந்து கொக்கிளாய் வரை

திருகோணமலை மாவட்டத்தின் கடற்கரையைத் தெற்கே வெருகல் ஆற்றில் தொடங்கி வடக்கே கொக்கிளாய்க் களப்பு வரையில், எங்கள் வான் வண்டிக்குள்ளேயே சமைத்து அதற்குள்ளேயே உறங்கி, ஒரே பயணமாகப் பார்த்துவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் நெடுநாளாகக் கதைத்து வந்தோம். இந்த வைகாசியில் அது கைகூடியது. நகரத்திலேயே வீடு இருக்க, இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வரக்கூடிய இடங்களுக்குப் போய் ஏன் வண்டிக்குள் படுக்க வேண்டும் என்று அயலவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொழுதுபட வீடு திரும்புகிறவர்களுக்குக் கடற்கரையின் பாதிதான் கிடைக்கிறது. காற்று எந்நேரம் மாறுகிறது, கரைவலைக்காரர் எப்போது தோணி இறக்குகிறார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் காலையில் உவர்க்காமல் இருக்கிறது என்பவையெல்லாம் அங்கே இராத்தங்கினால்தான் தெரியும்.

எங்களுடையது பழைய டீசல் கரவன் வான். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, தச்சர் ஒருவரைக் கொண்டு பலகைக் கட்டில் ஒன்றை அடித்து, அதன் கீழே அரிசி, பருப்பு, உடுப்பு வைக்க இழுப்பறைகள் செய்வித்தோம். தண்ணீருக்கு ஒரு பிளாஸ்ரிக் தாங்கி, சிறிய சிலிண்டருடன் ஒரு காஸ் அடுப்பு, கூரையில் ஒரு சூரியத் தகடு, அது ஏற்றும் இரண்டாவது பற்றறி, அதில் ஓடும் சிறு மின்விசிறி, இவ்வளவே வசதி. குளிரூட்டி ஓடும் பயணத்துக்கே தவிர, நிறுத்திய வண்டிக்கு உதவாது. இவ்வகை வான்களில் என்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால், வண்டியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் அந்தச் சூடு உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். ஆகையால், வெயில் காலத்தில் இக்கரையில் வானில் வாழ்வதென்பது, உண்மையில், காற்றையும் நிழலையும் பார்த்து வண்டியை எந்தத் திசைக்கு நிறுத்துவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

இதில் எங்களுக்குள் ஒரு வழக்கு இருந்தது. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால், வானின் இழுவைக் கதவும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. வடக்கு நோக்கிப் போகும் வண்டியை அப்படியே ஓரங்கட்டினால் கதவு தரையைப் பார்த்துத் திறக்கும். தெற்கு நோக்கி நிறுத்தினால் கடலைப் பார்த்துத் திறக்கும். கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எதற்காக இவ்வளவு செலவழித்தோம் என்பது என் கட்சி. அவருடைய கட்சி வேறு. வைகாசிக்குப் பிறகு இங்கே வீசுவது கச்சான். அது மேற்கிலிருந்து, காய்ந்த வயல்களையும் காடுகளையும் தாண்டி, ஈரமின்றிச் சுடச்சுட வரும் காற்று. பிற்பகலில் கடற்காற்று அதனோடு மல்லுக்கட்டும். சில நாட்களில் வெல்லும், சில நாட்களில் தோற்கும். இரவில் கடற்காற்று ஓய்ந்ததும் தரைப்பக்கத்துக் காற்றே மிஞ்சும். எனவே இரவில் கதவு தரையைப் பார்த்திருந்தால்தான் உறங்க முடியும் என்று அவர் வாதிட்டார்.

இரண்டு கட்சிக்கும் இடமளிக்கும் முறை, நிலாவெளிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அமைந்தது. மத்தியானத்துக்குப் பின் வண்டியைத் தெற்கு முகமாக நிறுத்துவோம். அப்போது மேற்கு வெயிலை வண்டியின் வலப்பக்கம் தாங்கிக்கொள்ள, இடப்பக்கக் கதவோரம் நிழலாகிவிடும். கடலும் எதிரே தெரியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியைத் திருப்பி, முகத்தைக் கடலுக்குக் காட்டி, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவைத் தரைப்பக்கம் திறந்துவிட்டால், கச்சான் காலடியால் நுழைந்து முன்கண்ணாடிகளின் இடைவெளி வழியே வெளியேறும். ஒரு சிக்கல், அந்தக் காற்று களப்பைத் தாண்டி வருவதால் நுளம்பையும் கூட்டி வருகிறது. பின்கதவின் அளவுக்கு நுளம்பு வலையைத் தைத்து, ஓரத்தில் காந்தத் துண்டுகளை மடித்துத் தைத்துக் கொண்டால் அது தகரத்தோடு ஒட்டி நிற்கும். தையல் வேலை என்னுடையது என்பதால் அதைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுதுகிறேன் என்று இவர் பக்கத்திலிருந்து சொல்கிறார்.

பயணத்தைத் தெற்கிலிருந்து தொடங்கினோம். மட்டக்களப்பு வீதியில் முதலில் வருவது கிண்ணியாப் பாலம். 2009இல் திறக்கப்பட்டபோது இலங்கையின் மிக நீளமான பாலம் அதுதான், 396 மீற்றர். அதற்கு முன் அவ்விடத்தில் வாகனங்களை ஏற்றி இறக்கிய ‘பாதை’ எனும் மிதவைக்காகக் காத்திருந்த பொழுதுகள் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. கிண்ணியாவைத் தாண்டிய பிறகும் இன்னும் சில துறைகளில் பாதை ஏறித்தான் மூதூருக்குப் போக வேண்டும் என்பதால், பலர் நகரத்து இறங்குதுறையிலிருந்து லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்து விடுவார்கள். இப்போது பாலங்களின் மேல் வண்டி நில்லாமல் ஓடுகிறது. வசதிதான், எனினும் கொட்டியாரத்தை நீர்மட்டத்திலிருந்து பார்த்த பார்வை பாலத்தின் மேலிருந்து கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

தெற்குப் பகுதியில் வீதி கடலை ஒட்டிப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயல், குளம், பற்றைக்காடு, மறுபடியும் வயல் என்று உட்புறமாகவே போகிறது. கடலைக் காண வேண்டுமானால் கிளை வீதிகளில் இறங்க வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பகுதி முழுவதும் சதுப்பும் கண்டலுமாக இருப்பதால் வானில் தங்க ஏற்ற இடமும் அல்ல. மூதூரில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினோம். சட்டியைக் கவிழ்த்தாலும் சிந்தாத தயிர். சட்டியின் மேல் மஞ்சளாகப் படிந்த ஆடையைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத எங்களுக்கு அது வரப்பிரசாதம், ஏனெனில் மண்சட்டி தன் பக்கத்தால் நீரைக் கசியவிட்டுத் தயிரைத் தானாகவே குளிர வைக்கிறது. இதே குடாவில்தான் 1659ஆம் ஆண்டில், புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று அதைத் திருத்துவதற்காக ஒதுங்கியது. அதில் வந்த இளைஞர் றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டு, 1679இல் தப்பும் வரை ஊர் திரும்பவில்லை. வண்டி திருத்த நிறுத்தும்போதெல்லாம் என் கணவர் அந்தக் கதையை எடுப்பார்.

வெருகலில், சித்திரவேலாயுதர் கோயிலுக்கு அண்மையில், தெரிந்தவர் ஒருவரின் வளவில் தங்கினோம். வெருகல் ஆறு மகாவலியின் கிளை. அதைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். அங்கேதான் கதிர்காமப் பாதயாத்திரைக்காரரைக் கண்டோம். வடக்கே செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, புல்மோட்டை, திருகோணமலை என்று கரையோடு நடந்து, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேர்கிற கூட்டம் அது. கையில் வேலும் தோளில் சிறு மூட்டையுமாக, வெயிலேறுமுன் நடந்து, மத்தியானம் கோயில் மண்டபத்திலோ மரத்தின் கீழோ படுத்து, வெயில் சாய்ந்த பின் மறுபடி நடக்கிறார்கள். எங்கள் காஸ் அடுப்பில் அவர்களுக்குத் தேநீர் வைத்தோம். அவர்களுள் முதியவரான ஓர் அம்மா, வானுக்குள் எட்டிப் பார்த்து, கட்டிலையும் இழுப்பறைகளையும் விசிறியையும் கண்டு, "பிள்ளை, இவ்வளவையும் காவிக்கொண்டு எங்கை போறீங்கள்?" என்று கேட்டார். கொக்கிளாய்க்கு என்றேன். தாம் அங்கிருந்துதான் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

அங்கிருந்து திரும்பி நகரத்தைத் தாண்டி வடக்கே ஏறினோம். கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, இராவணன் வெட்டு ஆகியவை எங்களுக்கு அன்றாடம். அவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். கன்னியா வெந்நீரூற்றுக்கு மட்டும் விடியுமுன் போய், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடாயுள்ள ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளிக் குளித்தோம். வெக்கைக் காலத்தில் வெந்நீர் எதற்கு என்று தோன்றலாம். குளித்து முடித்துத் தலையைத் துவட்டும்போது வீசும் காற்றுக்காகவே அங்கே போகலாம்.

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று போகும் புல்மோட்டை வீதிதான் இந்தப் பயணத்தின் நெஞ்சம். ஒருபுறம் களப்புகள், மறுபுறம் கடல், நடுவே ஒடுங்கிய மணற்றிடல். பங்குனி முதல் புரட்டாதி வரையில் இக்கடல் பெரும்பாலும் குளம்போல் கிடப்பதால் கரைவலைக்கும் அதுவே காலம். நிலாவெளிக்கு வடக்கே மீனவர் வாடி (ஓலைக் கொட்டில்) ஒன்றின் அயலில், கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டு அனுமதி பெற்று வண்டியை நிறுத்தினோம். வண்டியை மணலில் இறக்குவதற்கு அவர் சொன்ன அடையாளம் எளியது. அடம்பன் கொடி படர்ந்த இடம் வரை வரலாம். கொடி நின்ற இடத்துக்கு அப்பால் மணல் இளகியது, ரயர் புதையும். தென்னையின் கீழ் நிறுத்த வேண்டாம் என்பதை அவர் சொல்லவில்லை. வண்டிக்கூரையில் கிடந்த சூரியத் தகட்டையும் மரத்தின் குலைகளையும் மாறிமாறிப் பார்த்தார். நாங்கள் விளங்கிக்கொண்டு வேம்புக்கு மாறினோம்.

மற்றொரு யோசனையும் அவருடையதே. பத்து மணிக்குப் பின் வானின் தகரக்கூரை தொட முடியாத சூடாகிவிடும். வாடி வேய மிஞ்சிய கிடுகுகளை எடுத்துக் கூரையின் கம்பிகளின் மேல் ஈரடுக்காகப் பரப்பி, பழைய வலைத்துண்டினால் இழுத்துக் கட்டித் தந்தார். கிடுகுக்கும் தகரத்துக்கும் இடையே கையளவு இடைவெளி இருப்பதால் காற்று ஊடாகப் போகிறது. மத்தியானத்திலும் உட்கூரையில் கையை வைத்திருக்க முடிந்தது. காசு கொடுத்துப் பொருத்திய வெப்பத்தடுப்புத் தாளைவிட இது மேல் என்று தயங்காமல் சொல்வேன். தகட்டின் மேல் நிழல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விடியற்காலையில் தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் இட்டுவிட்டு வந்த பின், இரு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் பற்றி இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த இவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்தார். கயிறு இடுப்பில் கொளுவி, பின்பக்கமாகக் காலை ஊன்றி ஊன்றி மேட்டுக்கு ஏறுவதும், மேலே சேர்ந்தவர் கயிற்றை விட்டு மறுபடி நீரோரத்துக்கு ஓடி முன்னால் பற்றுவதுமாக அந்த வரிசை ஓயாமல் சுழன்றது. இரண்டு வரிசைகளும் மெல்ல மெல்ல நெருங்கி வர, கடைசியில் மடி கரையேறியது. பெரும்பகுதி சூடையும் கீரியும், இடையிடையே சில பாரைக் குட்டிகள், இரண்டொரு கணவாய். மணலிலேயே கூறு போட்டு விற்றார்கள். நான் ஒரு கூறு சூடை வாங்கினேன். இழுத்த கூலியென்று இவருக்கு ஒரு கைப்பிடி இனாமாகக் கிடைத்தது. பழப்புளி கரைத்து, பச்சை மிளகாயும் வெந்தயமும் கறித்தூளும் இட்டு, கட்டித் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினேன். காற்றில் காஸ் சுவாலை ஒருபக்கமாகச் சாய்வதால், மூடி கழற்றிய பிஸ்கற் தகரம் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து அடுப்பை அதற்குள் வைப்பது எங்கள் வழக்கம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மணற்றிடலில் நல்ல தண்ணீர் என்பது உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும் மழைநீர்தான். கிணறுகள் ஆழமற்றவை, இரவு முழுவதும் ஊறி நிற்கும் நீரை அதிகாலையில் மேலாக அள்ளினால் வாய்க்கு இனிக்கும், மோட்டார் போட்டு இறைத்த பிற்பகல் கிணற்றில் உப்புக் கரிக்கும். ஆகவே எங்கே தங்கினாலும் முதல் வேலையாக வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, விடியலில் தாங்கியை நிரப்பிக் கொள்வோம். எங்கும் எவரும் மறுக்கவில்லை. குளிப்புக்கு அரைவாளி போதும் என்ற கட்டுப்பாட்டை நாங்களே வைத்துக் கொண்டோம்.

புறாத்தீவைக் கரையிலிருந்து பார்த்ததோடு நிறுத்திக் கொண்டோம். அது 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம்; பவளப்பாறையின் மேல் மிதித்து நிற்கும் கூட்டத்தில் நாங்களும் இருவராக வேண்டாமென்று தோன்றியது. குச்சவெளியில் உப்பளங்களின் வெள்ளைக் குவியல்களையும் கடலுக்குள் நீண்ட பாறைமுனையையும் கண்டு, புல்மோட்டைக்குப் போனோம். அங்கே கரைமணல் கறுத்திருக்கிறது. இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் ஆகிய கனிமங்கள் கலந்த அந்த மணலுக்காகவே அங்கே தொழிற்சாலை இருக்கிறது. கறுப்பு வெயிலை உறிஞ்சுவதால் பத்து மணிக்கே செருப்பின்றிக் கால் வைக்க முடியாது. மாலையில் கைநிறைய அள்ளிப் பார்த்தேன். அளவுக்கு மீறிய பாரம், விரலிடுக்கில் மையைப்போல் மினுங்கியது.

கொக்கிளாய்க் களப்பு வழியை மறிக்க, அத்தோடு திரும்பினோம். தெற்கு நோக்கி வரும்போது இழுவைக் கதவு எந்தத் திருப்பலும் வேண்டாமல் கடலையே பார்த்திருந்தது என்பதால், இந்தக் கரையைப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் நில்லாமல் வடக்கே ஏறிவிட்டுத் தங்கித் தங்கித் தெற்கே இறங்குங்கள் என்றே சொல்வேன். வீடு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். பின்கதவின் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட வேண்டும். உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. ஐப்பசி பிறந்து வாடை தொடங்கிவிட்டால் இப்பயணம் வேண்டாம். மழையோடு கடலும் பொங்கும்; வெருகல் பக்கத்து வீதியில் வெள்ளம் ஏறும்.

வரும் பங்குனியில் வெருகலுக்குத் தெற்கே, வாகரை, பனிச்சங்கேணி, காயங்கேணி என்று பாசிக்குடா வரை போக எண்ணியிருக்கிறோம். அப்பகுதியில் வானை நிறுத்த நிழலும், விடியலில் அள்ள ஒரு கிணறும் தர இசைகிற வீட்டாரை அறிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.