அணைத்த பிறகும் எரியும் காடு

நீலகிரியின் சீகூர்ப் பீடபூமியில் பிப்ரவரி பிறந்துவிட்டால் காடு முழுக்கச் சருகுதான். உண்ணிச்செடிப் புதர்கள் காய்ந்து, தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடத் தயாராக நிற்கும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 375 மீட்டர். தீ ஓடைக்கு இந்தக் கரையிலா, அந்தக் கரையிலா என்று அது சொல்லாது. நடந்து போய் அணைப்பவருக்கு அதுதான் தெரிய வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் ட்ரோனுடன் போகிறோம்.

நாள் முழுக்க வானில் சுற்றிப் புகை தேட முடியாது. ஒரு பாட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. உச்சிவெயிலில் வெப்பக் கேமராவுக்குச் சுட்டுக் கிடக்கும் பாறைகளும் தீயும் ஒன்றுபோலத் தெரியும். மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் பாறு கழுகுகள் கூடு கட்டியிருக்கும் காலமும் இதுவே. அந்தப் பக்கம் பறக்கவே கூடாது. என்னைக் கேட்டால், ட்ரோன் பெரிதும் உதவுவது தீயை அணைத்த மறுநாள் விடியற்காலையில். பாறைகள் குளிர்ந்திருக்கும், கனல் மட்டும் தெரியும்.

அப்படி ஒரு விடியலில் சாம்பல் நிறத் திரையில் அரிசிமணி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் நின்ற வேட்டைத் தடுப்புக் காவலர் குனிந்து பார்த்தார். "பட்டுப்போன கருமருது, தம்பி. உள்ளே பொந்து. சாய்ந்தால் கோட்டைத் தாண்டித்தான் விழும்" என்றார். தீ தாண்டாமலிருக்கச் சருகை நீக்கி வைத்த தீத்தடுப்புக் கோட்டைச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மழை வந்தால் அதனடியில்தான் ஒதுங்குவார்களாம். உடனே ஆட்கள் போய்ப் பொந்துக்குள் தண்ணீர் ஊற்றி, மண்ணை வெட்டிப் போட்டு மூடினார்கள். விட்டிருந்தால் மதியக் காற்றில் மறுபக்கக் காடும் பற்றியிருக்கும்.

வயர்லெஸ்ஸில் அவர்களுக்கு வழி சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரங்கணி நினைவுக்கு வரும். 2018 மார்ச் 11 அன்று பற்றிய அந்தத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது. அதனால் தீக்கு மேலே யாரையும் ஏற விடாமல் பார்த்துக்கொள்வதே என் முதல் வேலை. புள்ளியைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

திரையை என்னைவிட நன்றாகப் படிப்பவர்கள் எங்களுடன் தீயணைக்க வரும் இருளர், குறும்பர் ஊர்க்காரர்கள்தான். ஆனால் 2021 ட்ரோன் விதிகளின்படி இயக்குபவர் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இவர்களில் பலர் அதற்கு முன்பே பள்ளியை விட்டவர்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விரும்புகிறவர்களுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கணக்குப் பாடத்தை நானே எடுப்பதாகவும் சொல்லியிருக்கிறேன்.