பல்சரிலிருந்து ஹிமாலயனுக்கு

நெடுந்தூரப் பயணத்துக்கென ஒரு மோட்டார் சைக்கிளை வாங்க நினைப்பவர் அதை நல்ல வீதியில் ஓட்டிப் பார்த்து அறியக்கூடியது மிகக் குறைவு. என்னுடைய பல்சர் 150 ஐக் கொடுத்துவிட்டு றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 411 க்கு மாறுவதென்று யோசிக்கத் தொடங்கியபோதே இதை மனதில் இருத்திக்கொண்டேன். ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டி நேராகப் போகும்போது எந்த மோட்டார் சைக்கிளும் நன்றாகத்தான் ஓடும். அங்கே ஓட்டிவிட்டு வாங்குபவர் சீற்றின் மென்மைக்கும் எஞ்சினின் சத்தத்துக்குமே காசு கொடுக்கிறார். தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடம், கிரவல் போய் மணல் வரும் இடம், கடல்நீரேரியைக் கடக்கும் தாம்போதியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும் இடம், ஒழுங்கைக்குள் திருப்ப இடமில்லாத இடம் ஆகியவற்றில்தான் அதன் குணம் தெரியும் என்பது என் துணிபு.

பல்சரைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அது பல வருடங்கள் என்னைச் சுமந்தது, யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியிலும் அதற்கு உதிரிப்பாகம் கிடைத்தது, பெற்றோலும் சிக்கனமாகவே குடித்தது. 2022 இல் கியூ.ஆர். முறை தொடங்கி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில் அந்தச் சிக்கனத்தின் அருமையை இங்குள்ள எல்லோரும் அறிந்தோம். ஆனால் என் வேலையில் பாதி வடமராட்சி கிழக்கிலும் பூநகரியிலும் உள்ள கிராமங்களுக்குப் போய் வருவது. விடுமுறை வந்தால் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா என்று நெடுந்தூரம் போகும் பழக்கமும் எங்களுக்கு உண்டு. 17 அங்குலச் சில்லுகளும் 165 மில்லிமீற்றர் தரை இடைவெளியும் கொண்ட பல்சர் நகரத்துக்காகவும் நல்ல வீதிக்காகவும் வடிவமைக்கப்பட்டது. கிடங்கு விழுந்த கிரவலில் இரண்டு பேரோடு அதை ஓட்டினால் ஒவ்வொரு கிடங்கும் முதுகெலும்பில் வந்து முடியும்.

ஹிமாலயனைப் போலக் கரடுமுரடான வழிகளுக்கென்று செய்யப்பட்ட அட்வென்ச்சர் வகை மோட்டார் சைக்கிள்களின் உயரமான தோற்றத்தைப் பார்த்து அவை வேகத்துக்கானவை என்று நினைப்பவர்கள் உண்டு. அவற்றின் சிறப்பு முன் சில்லில் தொடங்குகிறது. ஹிமாலயனின் முன் சில்லு 21 அங்குலம். சில்லின் விட்டம் கூடக்கூட, அது கிடங்கின் விளிம்பைச் சந்திக்கும் கோணம் சாய்வாகிறது. ஆகவே சிறிய சில்லு உள்ளே விழுந்து முட்டிக்கொள்ளும் இடத்தில் பெரிய சில்லு விளிம்பின்மேல் ஏறி உருண்டு போய்விடும். அதன் பின்னால் முன்பக்கத்தில் 200 மில்லிமீற்றரும் பின்பக்கத்தில் 180 மில்லிமீற்றரும் இறங்கி ஏறும் சஸ்பென்ஷன் இருக்கிறது. அகலமான ஹான்டில், நிமிர்ந்த இருக்கை, எழுந்து நின்று ஓட்டுவதற்கு ஏற்ற இடத்தில் கால்மிதி என்பவை எல்லாம் இந்த ஒரே நோக்கத்துக்காக அமைந்தவை. இதற்கு ஒரு விலையும் உண்டு. பெரிய முன் சில்லு வளைவுகளில் மெதுவாகத்தான் திரும்பும்; நகரத்து நெரிசலில் பல்சரைப் போல இடைவெளி பார்த்துச் சட்டென்று வெட்டி ஓட இது ஏற்றதன்று.

வேகத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. சாதாரண வீதிகளில் பாடசாலைப் பிள்ளைகளும் மாடுகளும் மண்ணேற்றிய டிப்பர்களும் ஒருங்கே போய் வரும். இந்த நிலையில் மணிக்கு 140 கிலோமீற்றர் ஓடக்கூடிய எஞ்சின் இங்கே எதற்குப் பயன்படும் என்று எனக்கு விளங்கவில்லை. குறைந்த சுற்றில் இழுக்கும் எஞ்சின்தான் நமக்கு வேண்டியது.

என் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, மற்றது ஹிமாலயன் 411. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இன் தொடக்கத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியிருந்தது. புதியதன் விலையையும் பாவித்ததன் விலையையும் ஒப்பிட்ட பிறகு, மானிப்பாய்ப் பக்கத்தில் ஒருவர் கவனமாக வைத்திருந்த ஹிமாலயனைப் பார்க்கப் போனேன். எக்ஸ்பல்ஸ் என் மைத்துனர் ஒருவரிடம் இருந்தது. அதை விரும்பியபோது எடுத்து ஓட்ட முடிந்தது நல்ல வாய்ப்பு. எனக்குப் பல காலமாகப் பழக்கமான கராஜ்காரரிடம் யோசனை கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, தார் றோட்டில எல்லாம் ஒண்டுதான். மணலுக்க விட்டுப் பாருங்கோ, ஆள் ஏத்திக்கொண்டு விட்டுப் பாருங்கோ.”

ஓட்டுவதற்கு முன்னர் பார்க்க வேண்டியவை சில உண்டு. கடலோர ஊரில் இவை மிக முக்கியம். உப்புக் காற்று முதலில் பிடிப்பது கம்பிச் சில்லை. கம்பிகள் வளையத்தில் பொருந்தும் அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு ஒரு சிறிய ஸ்பனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு போனேன். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொக்கைச் சத்தம் தரும். பின் சில்லில் இரண்டு கம்பிகள் அப்படிச் சத்தம் தந்தன, அவற்றை இறுக்கிக்கொள்ளலாம். டபுள் ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பின்னால் அழுத்திப் பிடிக்க, முன் சில்லைத் தரையிலிருந்து எழுப்பி ஹான்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் கழுத்துப் பெயரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். இது தடையின்றித் திரும்பியது. புகைக்குழாயின் அடிப்புறம், செயின், பற்சக்கரம், அடிச்சட்டத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றையும் குனிந்து பார்த்தேன். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் நிற்கிறதா, சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பொருந்துகின்றனவா என்பவற்றைச் சரிபார்க்காமல் எவரும் முற்பணம் கொடுக்கக் கூடாது.

முதலில் எஞ்சினை ஓட விடாமல் கையாலேயே தள்ளிப் பார்த்தேன். பெற்றோலுடன் 190 கிலோகிராமைத் தாண்டும் ஹிமாலயனுக்கும் 154 கிலோகிராம் எக்ஸ்பல்சுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒழுங்கைக்குள்ளேயே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் மதில் எழும்பிய எங்கள் ஒழுங்கைகளில் முன்னும் பின்னுமாகத் தள்ளித் திருப்பும்போது எக்ஸ்பல்ஸ் சொன்னபடி கேட்கும். ஹிமாலயனை இடுப்பு கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஆனால் ஏறி உட்கார்ந்தால் கதை மாறுகிறது. எக்ஸ்பல்சின் சீற் 823 மில்லிமீற்றர் உயரம், ஹிமாலயனுடையது 800. எண்ணில் இது சிறியதாகத் தெரிந்தாலும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு சரிவான கிரவலில் நிற்கும்போது ஒரு பாதம் முழுவதும் தரையில் படுவதும் கால்விரல் மட்டும் படுவதும் பெரிய வேறுபாடு. ஹிமாலயனின் பாரம் கீழே இருப்பதால், நகரத் தொடங்கிய மறுகணமே அதன் எடை குறைந்துவிட்டது போன்ற உணர்வு வருகிறது.

மணலுக்கு நான் தெரிவுசெய்த இடம் மணற்காடு. பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் வீதியிலிருந்து இறங்கி, சவுக்கங்காட்டுக்கும் மணலில் புதைந்துபோன பழைய தேவாலயத்துக்கும் போகும் தடங்களில் மணல் மாவைப்போல நொய்மையானது. அங்கே எக்ஸ்பல்ஸ்தான் வென்றது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். எழுந்து நின்று, பாரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி, அக்சிலேற்றரை விடாமல் சீராகப் பிடித்து, கண்ணை முன் சில்லில் வைக்காமல் தூரத்தில் வைத்தால், அது ஆடியபடியே முன்னேறிப் போய்க்கொண்டிருந்தது. ஹிமாலயனும் போனது, ஆனால் தயங்கி அக்சிலேற்றரைக் குறைத்த இடத்தில் முன் சில்லு மணலை வெட்டிக்கொண்டு இறங்கியது, அங்கிருந்து அதைக் கிளப்ப எனக்கு வியர்த்துக் கொட்டியது. மணலே வாழ்க்கையாக உள்ள ஒருவர், அதுவும் தனியாக ஓட்டுபவர், எக்ஸ்பல்சை எடுப்பதே அறிவு.

கிரவலில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. குடத்தனைப் பக்கத்துக் கிளை வீதி ஒன்றில் பல்சருடன் இரண்டாம் கியரில் கிடங்குகளைச் சுற்றிச் சுற்றிப் போன இடத்தில், ஹிமாலயனில் எழுந்து நின்று மூன்றாம் கியரில் நேராகவே போனேன். எழுந்து நிற்கும்போது உடலின் பாரம் சீற்றிலிருந்து கால்மிதிக்கு இறங்குகிறது. முழங்கால்களும் சஸ்பென்ஷனின் வேலையில் பங்கெடுக்கின்றன. கீழே மோட்டார் சைக்கிள் தன்பாட்டில் குலுங்க, மேலே தலை நேராக நிற்கிறது. இதைச் சொல்லில் விளக்குவதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது மேல்.

பின்னர் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் கேரதீவு–சங்குப்பிட்டித் தாம்போதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான் எழுதுவது விளங்கும். 2011 சனவரியில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து யாழ்ப்பாணத்தார் பூநகரிக்கும் மன்னாருக்கும் போக அதுவே குறுக்கு வழி. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, மறைப்புக்கு ஒரு மரமும் இல்லை. பூநகரியை நோக்கிப் போகும்போது காற்று வலப்புறத்திலிருந்து தள்ளும், திரும்பி வரும்போது இடப்புறத்திலிருந்து. பல்சரில் அந்த இடத்தில் தோள்களை இறுக்கிக்கொண்டு ஓட்டுவேன். எக்ஸ்பல்சையும் காற்று வீதியின் நடுப்பக்கமாக நகர்த்தியது, நான் திரும்பத் திரும்ப அதை மீட்க வேண்டியிருந்தது. ஹிமாலயனின் எடை, ஒழுங்கைக்குள் எனக்கு இடைஞ்சலாயிருந்த அதே எடை, இங்கே நங்கூரமாகியது. சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அப்படியே போனது. அதன் சிறிய காற்றுத் தடுப்புக் கண்ணாடி நெஞ்சில் அடிக்கும் காற்றை எடுத்துவிடுவதால், முழங்காவிலைத் தாண்டி வெள்ளாங்குளம் வரை ஓடியும் கழுத்து நோகவில்லை.

தீர்மானத்தை முடித்து வைத்தவர் என் மனைவி. எக்ஸ்பல்சின் பின்சீற்றில் வல்லைவெளி வரை வந்துவிட்டு, இதில் நுவரெலியா போக முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அவருடைய கருத்தோடு எஞ்சினின் கணக்கும் ஒத்துப்போனது. எக்ஸ்பல்ஸ் தன் 17 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை, அதாவது இழுக்கும் பலத்தை, நிமிடத்துக்கு 6,500 சுற்றில்தான் முழுமையாகத் தருகிறது. ஹிமாலயனோ 32 நியூட்டன் மீற்றரை 4,000 க்கும் 4,500 க்கும் இடையிலேயே தந்துவிடும். இரண்டு பேரும் இரண்டு பைகளும் ஏறிய பின், றம்பொடைப் பக்க ஏற்றங்களில் கியரை மாற்றி மாற்றி எஞ்சினை அலற வைக்காமல் ஏற வேண்டுமானால் இந்த வேறுபாடு தேவை. ஹிமாலயனையே எடுத்தோம்.

எடுத்த பிறகு நான் தனியாகப் பழகிக்கொண்ட ஒன்று பிறேக். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நின்றுவிடாமல் தடுப்பது ஏ.பி.எஸ். 2020 மாதிரியிலிருந்து பின் சில்லின் ஏ.பி.எஸ். ஐ நிறுத்திவைக்கப் பொத்தான் உண்டு. என்னுடையது அதற்கு முந்தியது, இரண்டு சில்லுக்கும் ஏ.பி.எஸ். எப்போதும் வேலை செய்யும். தாரில் இது உயிர் காக்கும். கிரவலில் இறுகிய சில்லு தனக்கு முன்னால் கல்லைக் குவித்து நிற்கும் வாய்ப்பை ஏ.பி.எஸ். எடுத்துவிடுவதால் நிற்கும் தூரம் நீளும். ஆகவே கிரவலில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிப்பதையே முதல் பிறேக்காகக் கொள்ள வேண்டும். ஆளில்லாத வெளி ஒன்றில் மெதுவான வேகத்தில் திரும்பத் திரும்பப் பிறேக் பிடித்துப் பார்த்தால் அந்தத் தூரம் கைக்கும் காலுக்கும் தெரிந்துவிடும்.

பெற்றோல் லீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வருகிறது. 15 லீற்றர் தாங்கி நிரம்பினால் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குள்ள 321 கிலோமீற்றரையும் இடையில் எங்கும் நிறுத்தி அடிக்காமல் கடக்கலாம். உதிரிப்பாகங்களில் சில கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். பல்சரோடு ஒப்பிட்டால் இது குறைபாடுதான். அதனால் கிளச் கேபிள் ஒன்று, அக்சிலேற்றர் கேபிள் ஒன்று, செயின் இணைப்பு ஒன்று, முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ரியூப் என்பவற்றைச் சீற்றின் கீழும் பையிலும் எப்போதும் வைத்திருக்கிறேன். ரியூப் போட்ட ரயர் என்பதால் ஒட்டு எந்தச் சந்தியிலும் போட்டுக்கொள்ளலாம், டபுள் ஸ்ராண்ட் இருப்பதால் சில்லைக் கழற்றக் கல்லும் கட்டையும் தேட வேண்டியதில்லை. மாரி மழை விட்டதும் திருகோணமலை, மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போவதாக இருக்கிறோம். அதற்கு முன் பின்சீற்றுக்குப் பின்னால் ஒரு பெட்டி பூட்ட வேண்டும், மனைவிக்குச் சாய்ந்துகொள்ளவும் அது உதவும்.