பழைய மினிக்குப் புதிய பிரேக் குழாய்கள்: ஆய்வுக்கு முன் செய்த வேலை

பத்து ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குச் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. அதில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது. என்னிடம் உள்ள பழைய மினி என்னை விட வயதில் மூத்தது. அதன் அடிப்பகுதியில் ஓடும் இரும்பு பிரேக் குழாய்கள் சில இடங்களில் துருப்பிடித்துச் செதில் உதிரத் தொடங்கியிருந்தன. அவற்றை ஒட்டுப்போட்டு ஓராண்டு தள்ளுவதை விட, பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்கள் வரை எல்லாக் குழாய்களையும் புதிதாக அமைத்துவிட்டு ஆய்வுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் இத்தகைய வேலைக்கு இடமில்லை என்பதால், காக்கி புக்கிட்டில் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவரிடம் ஒரு மூலையையும் காரைத் தூக்கும் லிஃப்டையும் வார இறுதிகளில் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலையை நானே செய்வது, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் பார்த்துச் சரி சொல்வது என்பது ஏற்பாடு. பிரேக்கைத் தொடுகிறவருக்கு மேலே இன்னொரு ஜோடிக் கண்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனில் சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் அதைப் பதிவு செய்யும் முன் ஐ.வி.ஏ. எனப்படும் தனிவாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். இங்கு நடக்கும் ஆய்வு வேறு வகை. ஆனாலும் அந்தச் சோதனைக்கு அவர்கள் குழாய்களை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று படித்தது எனக்குப் பெரிதும் உதவியது; குழாய் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கிறதா, எதிலும் உரசுகிறதா, சூட்டுக்கும் நகரும் பாகங்களுக்கும் விலகி நிற்கிறதா என்ற கேள்விகள் எந்த நாட்டிலும் பொருந்துபவைதான்.

குழாய்க்கு நான் தேர்ந்தெடுத்தது செம்பு நிக்கல் கலவை. அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும் இருக்கும். வால்வோ நிறுவனம் 1976இல் தன் கார்களில் பயன்படுத்தத் தொடங்கிய பொருள் இது. துருப்பிடிப்பதில்லை, இரும்பை விட எளிதாக வளைகிறது. தூய செம்புக் குழாய் இன்னும் மலிவு, இன்னும் மென்மை. ஆனால் அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிப்பு விடும் என்பதால் அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெளிவிட்டம் அசல் குழாயில் இருந்த அதே 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.75 மில்லிமீட்டர்.

பழைய குழாய்களைக் கழற்றியதும் எறிந்துவிடாமல், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டித் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். வளைவுகளுக்கும் நீளத்திற்கும் அவைதான் அளவுகோல். முனைகளின் வடிவத்தை அவற்றைப் பார்த்துத்தான் அறிய முடியும். சில முனைகள் காளான் தலைபோல் வெளியே குவிந்திருக்கும். சில உள்நோக்கி மடிந்து புனல்போல் இருக்கும். குழாய் முனை அழுந்தி அமரும் இடத்திற்கு இருக்கை என்று பெயர். எந்த இருக்கையில் எது அமர வேண்டும் என்பதை அந்த இருக்கையின் வடிவமே தீர்மானிக்கிறது. குழாய் முனையை விரித்து வடிவமைக்கும் ஃபிளேர் கருவியில் முதல் அழுத்தம் காளான் வடிவத்தைத் தரும். இரண்டாவது அழுத்தம் அதை உள்ளே மடித்து இரட்டை ஃபிளேர் ஆக்கும். குழாயைச் செங்குத்தாக வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கி, துகள்களைக் காற்றடித்து வெளியேற்றிய பிறகே கருவியில் பொருத்த வேண்டும். நட்டை முன்பே குழாயில் கோத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொன்னார். மீதித் துண்டுகளில் பழகி, முனை ஒரே சீராக வரத் தொடங்கிய பிறகுதான் நீளக் குழாயைத் தொட்டேன்.

இந்த வேலையில் மிகவும் ஆபத்தான இடம் நட்டின் மரை. மினியில் உள்ளவை 3/8 அங்குல விட்டமும் அங்குலம் ஒன்றில் 24 மரைகளும் கொண்ட, யு.என்.எஃப். எனப்படும் அங்குல அளவு வகை. இன்றைய கார்களில் பரவலாக உள்ளது எம்10 எனும் மெட்ரிக் வகை: 10 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் மரை இடைவெளி. முன்னதன் விட்டம் சுமார் 9.5 மில்லிமீட்டர், மரை இடைவெளி சுமார் 1.06. எனவே அங்குல நட் மெட்ரிக் துளைக்குள் தடையின்றி நுழைந்துவிடும், இறுகுவது போலவும் தோன்றும். ஆனால் பிடிப்பு போதாது, பெடலை ஓங்கி மிதிக்கும்போது கழன்றுவரக்கூடும். நான் வாங்கிவந்த புதிய இணைப்புக் கட்டையில் கையால் திருகும்போதே நட் ஆடுவதைக் கவனித்த அண்ணன், “தம்பி, இது மெட்ரிக் மாதிரி இருக்கு, மரை அளவியை எடு” என்றார். அளந்ததில் அவர் சொன்னதே சரி. கட்டையை மாற்றி வாங்கியதோடு, மற்ற எல்லாத் துளைகளையும் ஒவ்வொன்றாக அளந்துவிட்டேன். இறுக்குவதற்குச் சாதாரண ஸ்பேனர் கூடாது. நட்டின் பெரும்பகுதியைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர் இல்லாவிட்டால் மூலைகள் மழுங்கிவிடும்.

பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட குழாயை, எக்ஸாஸ்டிலிருந்து விலகி ஓடும் அசல் தடத்திலேயே கொண்டுசென்றேன். குறுக்குவழி தேடும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ரப்பர் உறையிட்ட கிளிப்புகளை ஓர் அடிக்குக் குறைவான இடைவெளியில் போட்டேன். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம். ஆய்வாளர் கண்ணில் குழாய் முழுவதும் படட்டும் என்று, அடிப்பூச்சு எதையும் அதன்மேல் பூசவில்லை. நெகிழ் குழாய்களும் புதியவை. காரைத் தூக்கிவைத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும் ஏற்றியும், அவை எங்கும் இழுபடவில்லை, டயரைத் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

குழாய்களில் திரவம் நிரப்பி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் முன் டிரம் பிரேக்குகளைச் சரிசெய்வது முக்கியம். பின்புறத் தகட்டில் உள்ள சதுரத் தலைத் திருகைத் திருப்பி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களை நெருக்காவிட்டால், பெடல் பாதாளம் வரை போகும். காற்று இருப்பதாக நினைத்துத் திரவத்தை வீணாக்கிக்கொண்டே இருப்போம். டாட் 4 தரப் பிரேக் திரவம் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதிக்கக் கூடாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155. நம் ஊரின் ஈரப்பதத்தில் பாதி தீர்ந்த புட்டியை மறுபடி பயன்படுத்துவது சிக்கனமாகாது. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி மாஸ்டர் சிலிண்டருக்கு அருகிலுள்ள சக்கரத்தில் முடித்தோம். வண்ணத்தில் சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவினோம். பிறகு அண்ணன் பெடலைப் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்த்தேன். மறுவாரமும் அதையே செய்தேன். தாள் உலர்ந்தே இருந்தது.

ஆய்வு நிலையத்தில் நடந்தது சுருக்கமானது. அடியில் நின்ற ஆய்வாளர் விளக்கைக் குழாயின் மீது ஓட்டி, பின்பக்க நெகிழ் குழாயைக் கையால் அசைத்துப் பார்த்தார். உருளைகளின் மேல் ஒவ்வோர் அச்சாக நிறுத்தி, இடது வலது சக்கரங்களின் பிரேக் விசையையும் கைப்பிரேக்கையும் அளந்தார்கள். பின்சக்கரங்களில் சிறிய வேறுபாடு தெரிந்தாலும் அது வரம்புக்குள் இருந்ததால் கார் தேறியது. வீடு திரும்பும் முன் பட்டறையில் நிறுத்தி, அந்த வேறுபாட்டுக்காக இடப்பக்கத் திருகை ஒரு பல் நெருக்கிக்கொண்டேன். திரவம் மாற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பானட்டின் உட்புறம் ஒட்டினேன்.