தப்பாகக் கணக்குப் போடும் நிரல்

செயற்கை நுண்ணறிவு என்றதும் சரியான விடை சொல்லும் இயந்திரத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் மனித மனத்தைக் கணினியில் மாதிரியாக்குகிறவர்களுக்கு அளவுகோலே வேறு. மனிதர் எங்கே தவறுவாரோ, அங்கே மாதிரியும் அதேபோலத் தவற வேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் எழுதிய ஆய்வு. அதில் வரும் கணினி நிரலின் பெயர் 'பக்கி' (Buggy, பிழை மலிந்தது), சிரிக்காதீர்கள். விஷயம் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல். 52-இல் 37 போனால் 25 என்று எழுதும் பிள்ளையைக் கவனமில்லை என்று திட்டுவோம். உண்மையில் அது ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது: எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழி. 2-இல் 7 போகாது, சரி, 7-இல் 2 போகட்டும். 103-இல் 45 போனால் 158 என்பதும் இப்படி ஒரு விதியால்தான், ஆனால் வேறு விதி. கடன் வாங்கும்போது 0-வை 9 ஆக்கியாயிற்று. நூறாம் இடத்து 1-ஐக் குறைக்கவில்லை.

கழித்தலைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஒன்றிரண்டை மட்டும் பிழையானதாக மாற்றிவிட்டால் நிரலும் அதே தப்பு விடையைப் போடும். பயிற்சி ஆசிரியர்களுக்கு இதையே விளையாட்டாகக் கொடுத்தார்கள்: கணினிதான் மாணவன், அவன் எந்த விதியில் தப்புகிறான் என்று கண்டுபிடி.

அப்புறம் 1980-இல் பிரவுனும் குர்ட் வான்லேனும் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: இந்தப் பிழை விதிகள் எங்கிருந்து வருகின்றன? யாரும் சொல்லித் தருவதில்லையே! வழி தெரியாமல் நிற்கும் பிள்ளை கையை மடக்கி உட்கார்ந்துவிடாது. ஏதோ ஒரு ஒட்டுப்போட்டுக் கணக்கை முடித்துவிடும் என்றார்கள். அதே தடங்கலுக்கு வேறு ஒட்டும் போடலாம் என்பதால், ஒரே பிள்ளை இன்று ஒரு பிழையும் நாளை இன்னொரு பிழையும் செய்வதற்கும் அதில் விளக்கம் இருந்தது.